லேசர் குழிக்குள் வைத்த பொட்டு

பருத்திப்பட்டு
நவம்பர் 2

அன்புள்ள பவித்ராவுக்கு அம்மா எழுதுவது. அப்பாவும் நானும் சௌக்கியம், போர்ச்சுகல் குளிரில் நீ வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நல்ல மழை, ஏரி நடைபாதை வரை தண்ணீர். அப்பாவுக்கு முழங்கால் வலி, ஆனாலும் அம்பத்தூர் பட்டறைக்கு ஒரு நாள்கூட லீவு போட மாட்டார், கேட்டால் லேத் காத்துக்கொண்டிருக்கும் என்பார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நேற்று போனில் சொன்னதற்கு நீ சிரித்துவிட்டு, சரிம்மா பார்க்கிறேன் என்றாய். உன் 'பார்க்கிறேன்' எனக்குத் தெரியாதா, அதனால்தான் எழுதி முறுக்கோடு கூரியரில் அனுப்புகிறேன். உங்கள் குட்டி நீர்மூழ்கிக்கு இரண்டு பச்சை லேசரைப் பிடிக்க அப்பா ஒரு பிடிப்பான் கடைந்து தந்தாரே, அதை நான்தான் அளந்து பாஸ் பண்ணினேன். அளவில் ஒரு நூல்கூடப் பிசகு கிடையாது, இன்றைக்கும் அடித்துச் சொல்வேன். பிசகு அதற்கப்புறம் நடந்தது. ஆயுத பூஜையன்று பட்டறையில் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். உன்னுடையதற்கு வெளியே வைத்தால் அங்கே துடைத்துவிடுவார்கள், உள்ளே வைத்தால் கடலுக்கடியிலும் உன்கூடவே இருக்கும் என்று லேசர் உட்காரும் இரண்டு குழிக்குள்ளும் பொட்டு வைத்து அனுப்பிவிட்டேன். முப்பது வருஷம் மற்றவர்கள் வேலையில் குறை கண்டுபிடித்தே சம்பளம் வாங்கியவள், எனக்கு அப்போது புத்தி எங்கே போனதோ.

அதேபோல் இன்னொன்று கடைந்து இங்கே வைத்திருக்கும் ஜோடிப் பிடிப்பானுக்கும் அப்படியே பொட்டு வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை அப்பா விளையாட்டாக அதில் இரண்டு லேசர் மாட்டி அடித்துப் பார்த்தார். பக்கத்துச் சுவரில் புள்ளிகளுக்கு நடுவே சரியாகப் பத்து சென்டிமீட்டர். எவ்வளவு தூரத்தில் அடித்தாலும் அதே பத்து இருக்க வேண்டும், எதிர்வீட்டு மதிலில் ஏழுதான். இன்னாம்மே இது, புள்ளி ரெண்டும் ஒட்டிகினு போவுது என்றார். கழற்றிப் பார்த்தால் காய்ந்த சந்தனம் கல்லாக இறுகி லேசரைச் சாய்த்திருக்கிறது. அந்தப் பத்தை அளவுகோலாக வைத்துத்தானே பாறை இடுக்கில் நுழையலாமா என்று பார்ப்பாய்? ஏழு சென்டிமீட்டரைப் பத்து என்று நம்பினால் குறுகலான இடுக்கும் அகலமாகத் தெரியும், உள்ளே போய் மாட்டிக்கொள்வாய். இதில் நீ வேறு, அம்மா பாஸ் பண்ணியதை மறுபடி அளக்க வேண்டாம் என்று எல்லோரிடமும் பெருமை பேசி வைத்திருக்கிறாய்.

பயப்பட ஒன்றுமில்லை, பத்து நிமிஷ வேலை. லேசரைக் கழற்று, ஈரத்துணியால் ஊறவைத்துச் சுரண்டு, சாமி பொட்டாயிற்றே என்று தயங்காதே. உன் மேலதிகாரியிடம் என் அம்மா செய்த தப்பு என்று நேராகச் சொல், மழுப்பாதே. அவர்கள் என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் எனக்குக் கவலையில்லை, நீ மேலே வர வேண்டும் எனக்கு.

இருபதாம் தேதி இறங்குவதாகச் சொன்னாய். அதற்கு முன்னால் ஒரு மீட்டரிலும் எட்டு மீட்டரிலும் ஸ்கேல் வைத்துப் போட்டோ எடுத்து அனுப்பு. நான் பார்த்துப் பாஸ் போட்ட பிறகுதான் நீ தண்ணீரில் கால் வைக்க வேண்டும். முன்பு போட்ட பாஸ் செல்லாது.

தீர்க்காயுசோடு இருக்க எங்கள் இருவரின் ஆசீர்வாதம்.

உன் அம்மா,
ஹேமாவதி பரந்தாமன்