கீறல் விழாமல்

கூத்தாநல்லூர்

அன்பு மகன் ஜாபிருக்கு அம்மா சஃபியா ஸலாத்துடன் எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் தங்கை சுமையாவும் சுகம். குவைத்தில் உன் உடம்பும் வேலையும் நன்றாக இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கிறேன். போனில் சொல்ல மனம் வராத ஒன்றை இப்போது எழுதுகிறேன், ஏனென்றால் இன்றுதான் என் வயிற்றெரிச்சல் அடங்கியது. உன் அத்தா மவுத்தான அன்று சந்தூக்கில் வைத்துத் தோளில் தூக்கிப் பள்ளிவாசலுக்குப் புறப்பட்டார்கள், வாசலைத் தாண்டியதும் அடுத்த வீட்டு மீரா சாகிப்பின் பெரிய கார் தெருவை அடைத்துக்கொண்டு நின்றது, டிரைவர் சாவியோடு சாப்பிடப் போய்விட்டான். கடைசியில் உன் அத்தாவைத் தலைக்கு மேல் உயர்த்தித்தான் காரைத் தாண்டினார்கள். அப்போது அந்த மனிதர், பெயிண்ட்ல கீறல் விழாம தூக்குங்கப்பா என்றார். ஜன்னலுக்குப் பின்னால் நின்ற என் காதிலேயே விழுந்தது.

புருஷன் மவுத்தாகி நாலு மாதம் பத்து நாள் இத்தா இருக்கிறவள் வெளியே இறங்க முடியாது, ஆனால் துக்கம் கேட்க ஊர்ப் பெண்கள் எல்லாரும் என்னிடம்தானே வந்தார்கள், அழுதுகொண்டே, தெருவுக்குள் கார் வரக் கூடாது என்று நகராட்சிக்கு எழுதிய மனுவில் ஒருத்தி விடாமல் கையெழுத்து வாங்கினேன். கார் வாங்க லோன் கொடுக்கிற அரசாங்கம் அதை எங்கே நிறுத்துவது என்று சொல்லவில்லையே. நகராட்சியில் ஒருவழிப் பாதை என்றார்கள், அபராதம் என்றார்கள், அபராதமெல்லாம் அவருக்கு வெற்றிலை பாக்குச் செலவு என்று சொல்லியனுப்பினேன். இப்போது தெருவின் இரண்டு முனையிலும் இரும்புக் கம்பம். நடுக் கம்பத்தின் சாவி பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினாரிடம், ஆம்புலன்ஸ் வந்தால் மட்டும் கழற்றுவார். அந்தக் கார் மீன் மார்க்கெட் ஓரம் காக்காய் எச்சத்தில் கிடக்கிறது, அவர் குடை பிடித்து நடக்கும்போது நான் வேண்டுமென்றே ஜன்னல் திரையை விலக்கி வைக்கிறேன். இன்று அவர் மனைவி கமருன்னிஸா வந்து, லாத்தா, அவங்களுக்கு முட்டுவலி, நீங்க ஒரு வார்த்தை சொன்னா கம்பத்த எடுத்துடுவாங்க என்று கெஞ்சினாள். நாலு பேர விட்டுத் தூக்கிட்டு வரச் சொல்லும்மா, கீறல் விழாம, என்றேன். டீயைக் குடிக்காமலே போய்விட்டாள். அவள் பாவம்தான், இருந்தாலும் எனக்கு இனித்தது.

லீவில் வந்து கார் வாங்கப் போகிறாய் என்று சுமையா சொன்னாள். வாங்கு, சந்தோஷம். ஆனால் அம்மா வைத்த கம்பம்தானே என்று மோதினாரிடம் சாவி கேட்டாயோ, அன்றைக்கே மீரா சாகிப் ஜெயித்துவிடுவார். உன் காரும் மீன் மார்க்கெட்டில்தான் நிற்க வேண்டும். அவர் வாசல் வழியாக நடந்தே வா, ஸலாமும் சொல், அவர் பார்க்கட்டும்.

வெயிலில் வெறும் வயிற்றோடு நிற்காதே. உன் ஆயுளிலும் சம்பாத்தியத்திலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஒன்றை மட்டும் மறக்காதே, நாளைக்கு நானும் இந்தத் தெரு வழியாகத்தான் போக வேண்டும். யார் காருக்கு மேலேயும் என்னைத் தூக்கக் கூடாது, உன் காருக்கு மேலேயும்.

உன் துஆவை நாடும் அம்மா,
சஃபியா