பேத்திக்கு வந்த ஒம்போதரை

வியாழக்கிழமை, ராத்திரி.

இன்னைக்கு எம்பேத்தி தேவிய அழ வச்சுட்டேன். வெளாட்டுக்குத்தான் சொன்னேன்.

ப்ளஸ் ஒன் படிக்கிறா. நூல்ல குண்டக் கட்டி ஆடவிட்டு, பூமி எவ்வளவு இழுக்குதுன்னு லேப்ல கணக்குப் போட்டாளாம். புத்தகத்துல ஒம்போது புள்ளி எட்டு. இவளுக்கு ஒம்போதரைதான் வந்துருக்கு. மத்த பிள்ளைக வெடைய மொதல்ல எழுதிட்டு, அதுக்குத் தக்கன அளவப் போட்டுக்கிருச்சுகளாம்.

"அறந்தாங்கிப் பக்கம் பூமி கொஞ்சம் சோம்பேறி போல ஆத்தா. நீயும் ஒம்போது புள்ளி எட்டுன்னே போட்ரு. யாரு வந்து குண்ட ஆட்டிப் பாக்கப் போறா?"ன்னேன்.

"சும்மா இருங்க தாத்தா! வந்ததத்தான் எழுதணும்"னு சொல்லி அழுதுட்டா.

அப்பறமா கண்ணத் தொடச்சுக்கிட்டு யோசிச்சா. நூல மட்டும் அளந்துட்டு குண்டுல பாதியச் சேக்காம விட்டுட்டாளாம். அதான் கொறஞ்சிருக்கு. அந்தத் தப்பையும் மறைக்காம ரெக்கார்டு நோட்டுல எழுதுனா.

"மார்க்கு போச்சுன்னா?"

"போகட்டும் தாத்தா. நான் அளந்தது அதுதான்."



நாளைக்கு டீச்சர் கையெழுத்துப் போடணும். எல்லாத்தையும் திருப்பி எழுதச் சொன்னா பிள்ளை வாடிப்போகும். அப்படி ஏதும் சொன்னாங்கன்னா நானே பள்ளிக்கூடத்துக்குப் போயிருவேன். போயி என்னத்தப் பேசுறது? எம்பேத்தி பொய் எழுதலைங்கன்னு சொல்லுவேன். அதச் சொல்ல நான் படிச்ச எட்டாங் கிளாஸு போதும்.