அண்ணன் முதலில் வைத்த அல்பம்

ஸ்காபரோ,
ஞாயிற்றுக்கிழமை

மகன் கஜீவனுக்கு,

நாங்கள் நல்ல சுகம், நீயும் அப்படியே இருக்கக் கடவுளை வேண்டுகிறோம் என்று எழுதுவதுதான் முறை. அம்மாவுக்கு முழங்கால் நோ, எனக்குப் பிரஷர், நீ மெல்பேணில் சுகமாகத்தான் இருப்பாய், அதனால் விசாரிக்கவில்லை. உன் அண்ணன் திலக்சனின் முப்பத்தோராம் நாள் காரியம் போன சனிக்கிழமை முடிந்தது. லீவு இல்லை என்று செத்தவீட்டோடு நீ பறந்துவிட்டாய், சரி. நினைவுமலருக்கு ஒரு பக்கமாவது எழுது என்று கேட்டேன். ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அண்ணன் தனக்குப் பிடித்த பத்து றொக் பாட்டு அல்பங்களைப் போனில் வரிசையாகச் சொன்னான், அதைத் தருகிறேன் என்றாய். தேவாரப் பக்கத்துக்குப் பின்னால் இது என்னத்துக்கு என்று பெரியப்பா முகம் சுளித்தார், செத்தவனுக்குப் பிடித்தது என்று சொல்லி நான்தான் போடவைத்தேன்.

மண்டபத்தில் பந்திக்கு முன் மலரை எல்லோருக்கும் கொடுத்தோம். வந்த சனத்தில் பாதி அதை வைத்து விசிறிக்கொண்டிருந்தது. உன் அண்ணி அனோஜா மட்டும் அந்தப் பக்கத்தைத் திறந்தபடி இருந்தாள். பிறகு என்னிடம் வந்து, உது அவர்ர வரிசை இல்லை மாமா, தம்பி தன்ரையைப் போட்டிருக்கிறார் என்று சொன்னாள். திலக்சன் முதலாவதாக வைத்திருந்தது ஹமில்ரனில் நாலு பெடியன்கள் கராஜில் பதிந்த அல்பமாம், அதைக் காரில் போட்டுக்கொண்டுதான் அந்த நாளில் அவளைப் பார்க்க வருவானாம், கடைசிக் கிழமையும் அதைத்தான் கேட்டானாம். அவள் அழவில்லை, அழுதிருந்தால் எனக்குப் பாரம் குறைந்திருக்கும்.

உனக்குப் போன் எடுத்துக் கேட்டால், அது பெரிய அல்பம் இல்லையப்பா, விஷயம் தெரிஞ்ச ஆக்கள் பாத்தா அண்ணையைச் சிரிப்பினம் என்கிறாய். யாரடா சிரிப்பது? அந்த மண்டபத்தில் அந்தப் பத்தையும் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். பத்திரிகையில் றொக் பற்றி எழுதுகிறாய் என்பதற்காக மற்றவனின் காதுக்கும் நீதான் அதிகாரியா? எனக்கு நீ முதலில் வைத்ததும் இரைச்சல், அவன் வைத்ததும் இரைச்சல். இரண்டையும் போட்டுப் பார்த்தேன், அவனுடையதைக் கடைசிவரை கேட்டேன், என் பிள்ளைக்குப் பிடித்தது என்பதைத் தவிர அதற்கு வேறு காரணமில்லை. உனக்கு அந்தக் காரணம்கூட இல்லை, யாரோ எழுதியதைப் படித்துவிட்டு அதுதான் உன் ரசனை என்று நம்பிக்கொண்டிருக்கிறாய். அவன் தன் சந்தோஷத்துக்குக் கேட்டான், நீ ஊர் பார்க்கக் கேட்கிறாய்.

மிச்சமிருந்த மலர்களில் உன் பக்கத்தை அனோஜா சவர பிளேட்டால் வெட்டி எடுத்துவிட்டாள். அம்மா தடுக்கப் போனாள், நான் விடவில்லை. கீழே உன் பெயர் இருந்தது, அதுவும் போயிற்று. அவளுக்குப் போன் எடுத்து மன்னிப்புக் கேள், நீளமான விளக்கம் ஒன்றும் அனுப்பாதே. ஆண்டுத் திவசத்துக்கு வருவதானால் வா, வந்து சாப்பிட்டுப் போ. நான் செத்தால் என்னைப் பற்றி ஒரு வரியும் எழுதவேண்டாம், எனக்கு எது பிடித்திருக்க வேண்டும் என்று நீயே முடிவுகட்டிவிடுவாய்.

அங்கே குளிர் தொடங்கிவிட்டதாம், கம்பளிச்சட்டை போடு, நேரத்துக்குச் சாப்பிடு. முருகன் உனக்கு ஒரு குறையும் வைக்காமல் பார்த்துக்கொள்ளட்டும், நான் களைத்துப் போனேன்.

இப்படிக்கு,
திலக்சனின் அப்பா
இரத்தினவேல்