விருந்தாளிப் பாய்

அன்பு மகள் மரேவெயாவுக்கு,

நாட்டுத் திட்டச் செயலாளர் என்றால் உன் அம்மா அப்படி என்னதான் செய்கிறாள் என்று பிரிஸ்பேன் மருத்துவமனையில் உன்னோடு வேலை பார்க்கும் தோழிகள் கேட்டார்களாமே, எனக்கும் பதில் தெரியவில்லை. பதினோரு வருடம் இந்த நாற்காலியில் இருந்துவிட்டு இப்படிச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. இங்கே நானும் அப்பாவும் நலம், அவருக்கு முழங்கால் வலிதான் விடவில்லை, கிணற்றுநீர் உப்பேறிவிட்டதால் மழைத் தொட்டியை நம்பி இருக்கிறோம். நீ நலமென்று எழுதியிருந்தாலும், வேலை முடிந்து வந்து சாப்பிடாமல் படுத்துவிடுகிறாய் என்று தொலைபேசியில் உன் குரலிலேயே தெரிந்தது. அந்தப் பழக்கத்தை விட்டுவிடு.

நாளை அமைச்சரவை முன் நான்காண்டுத் திட்டத்தை வைக்கிறேன். அதில் ஒரு பக்கம் என் அம்மா பிறந்த நம் தீவைப் பற்றியது. வடக்குத் திட்டுக்கும் தெற்குத் திட்டுக்கும் நடுவே ஓடும் கடல்வழியைக் கல் கொட்டி நிரப்பி, மேலே சாலை போடுவது. ‘தீவு மக்கள் ஒப்புதல் தந்தனர்’ என்று அதில் எழுதியவள் நான். மூன்று வாரத்துக்கு முன் நான் போனபோது, ஊர் கூடும் மனேயாபாவின் கூரைக்குக் கீழே விருந்தாளிகளுக்கான பாயைக் காட்டினார்கள், நானும் அலுவலக உடையோடு அதில் உட்கார்ந்து வரைபடத்தை விரித்தேன். ரொம்ப நல்லது, ரொம்ப நல்லது என்று பெரியவர்கள் அத்தனை பேரும் தலையாட்டினார்கள், பிறகு மீனும் ஈரப்பலாவும் ஆட்டமுமாகப் பொழுது போயிற்று. போன சனிக்கிழமை உன் தெபானோ மாமா தீவிலிருந்து கப்பலில் இங்கே வந்து இறங்கினான். அக்கா, நீ பெரிய படிப்பு படிச்சவ, விருந்தாளிப் பாய்ல ஒக்காந்துகிட்டு ஊர் மனசைக் கேட்டியே, வீடு தேடி வந்தவங்ககிட்ட எவனாச்சும் முடியாதுன்னு சொல்வானா என்று சிரித்தான். அந்தக் கூரையின் கீழ் நம் குடும்பத்துக்கென்று கிழக்குத் தூணோரம் இடம் இருக்கிறது, அங்கே உட்காருகிறவர்களோடுதான் ஊர் சண்டை போடும். இது எனக்குத் தெரியாததா? சரி, உண்மையில் என்னதான் நினைக்கிறார்கள் என்று கேட்டேன். என்னத்த நெனைப்பாங்க, பௌர்ணமிக்குப் பௌர்ணமி முட்டை போடப் போற மீனெல்லாம் அந்த வழியாத்தான் வெளிக்கடலுக்குப் போவுது, அதை அடைச்சிட்டு அப்புறம் பிள்ளைங்களுக்கு உன் வரைபடத்தை வறுத்துக் குடுக்கவா என்றான்.

அவன் வலையும் அங்கேதான் கிடக்கிறது, அதனால் அவன் பேச்சை அப்படியே நம்பிவிடவில்லை. வேறொரு தீவில் இப்படி அடைத்த பிறகு எடுத்த மீன் கணக்கெடுப்பை வரவழைத்துப் பார்த்தேன். அவன் சொன்னது சரி. அதற்காகச் சாலையே வேண்டாம் என்றும் என்னால் சொல்ல முடியாது, பிரசவ வலியோடு ஒரு பெண், கடல்வழியில் நீர் வடிந்து கடக்க முடியும்வரை அந்தக் கரையில் காத்துக் கிடந்ததை நான் மறக்கவில்லை. ஆனால் ஒப்புதல் என்று நான் எழுதியது உண்மையில்லை, அதை நாளை என் வாயாலேயே சொல்லப் போகிறேன். அமைச்சர் அந்தச் சாலையை மேடையில் அறிவித்துவிட்டார், என் பதவி போனாலும் போகலாம். போனா வீட்டோட இரு, வலை பின்ன ஆள் வேணும் என்கிறார் உன் அப்பா. பயமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் முடிவை மாற்றப் போவதில்லை.

கடவுள் உன்னை நோய்நொடி இல்லாமல் காக்கட்டும், உன் கை தொடுகிறவர்களுக்கெல்லாம் குணமாகட்டும். அப்பாவுக்கு அந்த முழங்கால் தைலம் அனுப்ப மறக்காதே.

உன் அம்மா,
கினாய்

வியாழன் மாலை. உறையை இன்னும் ஒட்டவில்லை, அதனால் நடந்ததையும் எழுதிவிடுகிறேன். சொன்னேன். அது உங்கம்மா ஊருதானே, அப்ப நீங்க சொல்றதை எப்படிம்மா நம்புறது என்று அமைச்சர் கேட்டார். மூணு வாரம் முன்னாடி ஆமான்னு எழுதினப்பவும் அது எங்கம்மா ஊருதாங்க என்றேன். யாரோ இருமினார்கள். என்னை வெளியே இருக்கச் சொன்னார்கள், நாற்பது நிமிடம் தாழ்வாரத்தில் நின்றேன். அந்தப் பக்கத்தை மட்டும் எடுத்துவிட்டு மற்றதை ஏற்றுக்கொண்டார்கள். நீர் ஓட வழிவிட்ட பாலமாக மாற்றி எழுதி, ஊரை மறுபடி கேட்டு வரச் சொல்லியிருக்கிறார்கள், என் பதவியைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. புதிய பக்கத்தை இன்றே எழுதி முடித்தேன். ஒப்புதல் என்ற இடத்தில் ‘இன்னும் கேட்கவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.