கூண்டுக்குள் விழுந்த அடி உண்மைதான், மச்சான்

என் அன்பு மச்சானுக்கு,

ஸலாம். மண்ணுக்குள் உங்கள் கப்றை அல்லாஹ் விசாலமாக்கி வைத்திருப்பான். உங்களுக்காக யாசீன் ஓதிவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஓதும்போதே ஊர்ச் செய்தி நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. என் குணம்தான் உங்களுக்குத் தெரியுமே.

முதல் செய்தி, உங்கள் மகன் சஜாத் கொழும்பில் நடந்த கூண்டுச் சண்டையில் தோற்றுவிட்டான். எதிராளி அவன் முழங்கையைப் பூட்டிப் பின்னுக்கு வளைத்தான். சஜாத் தாங்கித் தாங்கிப் பார்த்து, கடைசியில் எதிராளியின் தோளில் மெதுவாகத் தட்டினான். தட்டினால் தோல்வியை ஒத்துக்கொண்டதாக அர்த்தம். உடனே விட்டுவிட வேண்டும், அவனும் விட்டான். பிறகு இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

அந்தக் கட்டிப்பிடிப்புத்தான் பிழையாகிப்போனது. கல்முனைச் சந்தையிலிருந்து நிந்தவூர் வரை அந்த வீடியோ ஓடியது. எங்கள் ஊரில் வேலித் தகராறுக்குச் சண்டை பிடித்த அண்ணன் தம்பியே அடுத்த பெருநாளைக்கும் முகம் பார்ப்பதில்லை. அடித்தவனை ஒருவன் கட்டிப்பிடித்தால் சனம் என்ன நினைக்கும்? ரத்தமும் இல்லை, பல்லும் விழவில்லை. "செட்டப்" என்று தீர்ப்பு எழுதிவிட்டார்கள்.

அந்தச் சொல்லை ஊருக்குள் கொண்டுவந்ததே நீங்கள்தானே, மச்சான்? உங்கள் இறைச்சிக் கடையில் மாட்டுத் தொடை தொங்க, அதற்குக் கீழே நின்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பீர்கள். "இந்தச் சண்டையெல்லாம் செட்டப். முதலே பேசி வெச்சித்தான் அடிக்கிறானுகள்." வீட்டிலும் உங்கள் மனைவியிடம், என் ராத்தாவிடம், அதையேதான் சொன்னீர்கள். அவள் பயமில்லாமல் மகனை ஜிம்முக்கு அனுப்பினாள்.

ஆனால் சஜாத்தின் சண்டை போனில் ஓடும்போது நீங்கள் என்ன செய்வீர்கள் என்பது எனக்குத்தானே தெரியும். மாட்டுக்கு முன்னால் கண் சிமிட்டாத மனிதர், போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு என்னிடம் கேட்பீர்கள். "முடிஞ்சா? நிக்கிறானா?" முதலே பேசி வைத்த சண்டைக்கு ஏன் மச்சான் அப்படி வியர்த்தது?

இரண்டாவது செய்தி, சஜாத்துக்கு மருதமுனையில் சம்பந்தம் பேசியிருந்தோம். பெண்ணின் வாப்பா கைத்தறிச் சாரன் வியாபாரம் செய்யும் ஹாஜியார். நல்ல மனிதர், ஹலால் ஹராம் விசயத்தில் நூலளவும் விலகாதவர். பெண்ணின் உம்மா முதல்முறை வந்தபோது, மாப்பிள்ளை சண்டைக்குப் போகிறாரே என்று தயங்கியிருக்கிறா. நம்மட ராத்தா உங்கள் வசனத்தை அப்படியே எடுத்துக் கொடுத்துவிட்டாள். பயப்படாதீங்க, எல்லாம் செட்டப், அவர் அப்பவே சொல்லியிருக்கிறார் என்று.

அதற்குப் பிறகு இந்தத் தோல்வி. ஹாஜியார் இரண்டையும் கூட்டிக் கணக்குப் பார்த்துவிட்டு எனக்குப் போன் எடுத்தார். "அடி வாங்கித் தோத்தா பிரச்சின இல்ல. காசு வாங்கித் தோத்தா அது ஹராம். ஹராத்துக்கு நான் புள்ளயக் குடுக்கமாட்டன்."

சண்டை அசல்தான் என்ற உண்மையைச் சொல்லிவிடலாம் என்றேன். சஜாத் ஒத்துக்கொள்ளவில்லை. "உம்மாக்குத் தெரியப்படாது மாமா. தெரிஞ்சா இனி ஒருநாளும் நித்திர கொள்ளமாட்டா." மருதமுனைப் பிள்ளை மேல் அவனுக்கு எவ்வளவு விருப்பம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் உம்மாவின் நித்திரையை விற்றுக் கலியாணம் முடிக்க அவன் தயாரில்லை. இந்தப் பிடிவாதம் யாருடையது? எங்கள் பக்கத்தில் இது இல்லை, மச்சான்.

கடைசியாக ஒருமுறை பேசிப் பார்க்கலாம் என்று, அஸர் தொழுகைக்குப் பிறகு ஹாஜியாரையும் மனைவியையும் ராத்தா வீட்டுக்குக் கூப்பிட்டேன். பெண்கள் தேத்தண்ணி ஊற்றக் குசினிக்குள் போனதும் குரலைத் தாழ்த்திச் சொன்னேன், அந்தப் பூட்டு உண்மை ஹாஜியார், ராத்தாவுக்கு மட்டும் தெரியக்கூடாது, வேண்டுமென்றால் என் கையிலேயே போட்டுக் காட்டச் சொல்கிறேன் என்று. இந்த வயதில் எனக்கு ஏன் இந்த வீரம்? சஜாத் பக்கத்தில் உட்கார்ந்து என் கையை அவன் கக்கத்துக்குள் எடுத்து ஒரு சின்ன அழுத்தம்தான் கொடுத்தான். என் உயிர் முழங்கை வழியாக வெளியே எட்டிப் பார்த்தது. அவனைத் தட்டுவதற்குப் பதிலாகக் குஷனைத் தட்டிக்கொண்டிருந்தேன். கத்தவும் முடியாது, ராத்தாவுக்குக் கேட்டுவிடும்.

ஹாஜியார் அசையவில்லை. "இவர்ட நடிப்ப நான் கிழமைக்குக் கிழம பேப்பரில வாசிக்கிறவன்தானே," என்றார்.

பத்திரிகையில் நகைச்சுவை எழுதிச் சம்பாதித்த மரியாதை இவ்வளவுதான். பிறகு அவரே சட்டைக் கையை மடித்தார். சஜாத் வேண்டாம் என்று கெஞ்சினான்.

"தெரிஞ்சாப் போடு. தெரியாட்டி உட்டுடு," என்றார் ஹாஜியார்.

போட்டான். ஹாஜியாரின் முகம் அவர் கடைச் சாரனைப் போலப் பல நிறம் காட்டியது. அந்த நேரம் பார்த்துத் தேத்தண்ணித் தட்டோடு ராத்தா வந்து நின்றாள்.

"என்ன, மகன் கை பாக்கிறானா?"

"ஓம் ஓம்," என்றார் ஹாஜியார், வியர்வை தாடிக்குள் இறங்க. "வாதம். புள்ள உருவிவிடுறான்."

அவள் திரும்பினதுதான் தாமதம், அவருடைய மற்றக் கை சஜாத்தின் தோளில் தட்டியது. கொழும்பில் அவன் தட்டினானே, அதே மாதிரி. சஜாத் அந்தக் கணமே விட்டான். ஹாஜியார் தன் முழங்கையையும் அவனையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். இதையா கொழும்பில் அவ்வளவு நேரம் தாங்கினாய் என்று கேட்டார். ஹாஜியார் நோகாத கையால் அவனை இழுத்துக் கட்டிப்பிடித்தார். வீடியோவில் வந்த அதே கட்டிப்பிடிப்பு.

உலகத்தில் எந்தக் கூண்டிலும் செட்டப் நடப்பதில்லை என்று நான் சத்தியம் பண்ணமாட்டேன். எனக்கென்ன தெரியும்? நான் கண்ணால் கண்ட செட்டப் ராத்தா வீட்டுக் கூடத்தில் நடந்தது மட்டும்தான், அதிலும் நோவு அசல்.

ஒரு செய்தி மிச்சம் இருக்கிறது. போன வெள்ளிக்கிழமை கலியாணத்துக்கு நாள் குறிக்க மருதமுனைக்குப் போனோம். ராத்தா பையிலிருந்து ஒரு எண்ணெய்ப் போத்தலை எடுத்து ஹாஜியாரின் மனைவியிடம் கொடுத்தாள். "ஹாஜியார்ட முழங்கைக்கு. சூடு காட்டிப் பூசுங்க. சஜாத்துக்கு நான் இதத்தான் பூசுற."

திரும்பி வரும்போது ஆட்டோவுக்குள் கேட்டேன், உனக்கு எப்போதிருந்து தெரியும் என்று. அவள் வெளியே கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "நான் பயப்படப்படாதெண்டு அவர் சொன்னாரு. அவர் பயப்படப்படாதெண்டு நான் நம்பின மாதிரி இருந்தன். அந்த மருதமுனைப் புள்ளையும் பயப்படப்படாதுதானே?" கொஞ்ச தூரம் போனபிறகு, "அடுத்த சண்டைக்கு என்னையும் கூட்டிப் போ," என்றாள்.

இதையெல்லாம் பத்திரிகையில் எழுதலாமா என்று யோசித்தேன், மச்சான். நான் எழுதினால் ஊர் நம்பாது. அது ஒரு வசதி.

ராத்தாவை நான் கூட்டிப் போவேன். கூண்டுக்கு நேரே உட்காரவைப்பேன். அவள் கண் திறந்து மகனைப் பார்க்கட்டும். பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு "முடிஞ்சா? நிக்கிறானா?" என்று கேட்கும் உங்கள் வேலையை இனி நான் செய்கிறேன்.

உங்கள் துஆவை எதிர்பார்க்கும், இன்னும் முழங்கை நோகும்,
உங்கள் மனைவியின் தம்பி,
சஜாத்தின் மாமா.