புத்தகத்தில் இல்லாத இங்கிலீஷ்

1921 ஜனவரி 11, செவ்வாய்

எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குப் புதிதாக வந்திருக்கும் வெள்ளைக்காரச் சின்னதுரைக்கு இன்றும் தமிழ் சொல்லிக் கொடுத்தேன். ஏப்ரலில் அவருக்குத் தமிழ்ப் பரீட்சை. காலையில் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்டு ஆட்களை வேலைக்கு விரட்டியே பழகியதால் "வா", "போ" தவிர வேறு எதுவும் வாயில் ஏற மாட்டேன் என்கிறது. பதிலுக்கு அவர் எனக்குப் புத்தகத்தில் இல்லாத இங்கிலீஷ் சொல்லித் தருகிறார். 'டாப்பிங்' என்றால் பிரமாதம். 'ராட்' என்றால் வெறும் பிதற்றல். 'ஓல்டு சாப்' என்பது கூட்டாளியை உரிமையோடு கூப்பிடுவது. கூப்பிடப்படுபவர் கிழவராக இருக்க வேண்டியதில்லையாம்.

பதுளையில் அத்தனை வருஷம் படித்தேன். ஒரு வாத்தியாராவது இதைச் சொன்னாரா?

ஜனவரி 19

"மார்னிங், ஓல்டு சாப்" என்றேன் சின்னதுரையிடம். சிரித்து முதுகில் தட்டினார். மற்ற துரைமாரிடமும் சொல்லிப் பார், அசந்துபோவார்கள் என்றார்.

ஆபீசில் எனக்கு மேலே இருக்கும் பெரிய கிளாக்கர் ராமாமிர்தம் ஐயா பார்த்தும் பார்க்காததுபோல் எழுதிக்கொண்டிருந்தார். பொறாமை. வேறென்ன.

பிப்ரவரி 3, வியாழன்

பெரியதுரை ஆபீசுக்கு வந்தார். கொழுந்து எப்படி வருகிறது என்று கேட்டார். "டாப்பிங், ஓல்டு சாப்" என்று சொல்லிவிட்டேன்.

அவர் முகம் ரத்தமாகச் சிவந்துபோச்சு. ஆபீஸ் சாவியை மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போகச் சொன்னார். பின்னாலேயே சின்னதுரை நின்றார். 'நான்தான் சொல்லிக் கொடுத்தேன்' என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன? பூட்ஸையே பார்த்துக்கிட்டு நிக்கிறார், பாவி மனுஷன்.

வேலை போனால் குவாட்டர்ஸும் போகும். ஜெயலெட்சுமிக்கு இது எட்டாம் மாசம். அவளை எங்கே கூட்டிக்கொண்டு போவேன்?

பிப்ரவரி 4

ராமாமிர்தம் ஐயா வீட்டுக்கு வந்தார். பொறாமை என்று எழுதினேனே — எனக்காகப் பெரியதுரையிடம் பேசினது அவர்தான்.

"அர்த்தம் தெரியாமச் சொல்லிட்டேன்னு சொல்லுங்க தம்பி. விட்டுருவாரு."

"தெரிஞ்சுதாங்க சொன்னேன்."

"அதாங்க அவருக்குக் கோபம். தெரியாதவன்னா சிரிச்சிட்டுப் போயிருவாரு."

ஜெயலெட்சுமி அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்த்தாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு மறுபடி அடுப்புப் பக்கம் திரும்பினாள். ஏதாவது கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

சின்னதுரை பேரைச் சொல்லிவிடலாமா? யார் நம்புவது? அவங்க ரெண்டு பேரும் துரைமாரு. நான் யாரு?

பிப்ரவரி 5

சொல்லிவிட்டேன். அர்த்தம் தெரியாது என்று. பெரியதுரை விழுந்து விழுந்து சிரித்தார். சாவியைக் கொடுத்துவிட்டார்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருக்கிறது.

மார்ச் 2

பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம்.

ஏப்ரல் 24, ஞாயிறு

சின்னதுரை பரீட்சையில் பாஸ். பங்களாவில் விருந்து. கொஸ்லந்தப் பக்கத்துத் துரைமாரெல்லாம் வந்திருந்தார்கள். மத்தியானம் எனக்கு ஆள் அனுப்பினார்கள். பாராட்டத்தான் கூப்பிடுகிறார்கள் என்று வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு போனேன்.

வராந்தாவில் நிறுத்தி, அன்றைக்கு ஆபீசில் சொன்னதை மறுபடி சொல்லச் சொன்னார் பெரியதுரை. சொன்னேன். அத்தனை பேரும் சிரித்தார்கள். சின்னதுரையும்தான். இவனுக்கு அர்த்தம் தெரியுமா என்று விருந்தாளி ஒருவர் கேட்டார். சின்னதுரை அதையே என்னிடம் தமிழில் கேட்டார். பிழையில்லாமல் கேட்டார்.

"தெரியாதுங்க" என்றேன்.

அடுத்த ஞாயிறும் வரச் சொல்லியிருக்கிறார்கள். வேறு துரைமார் வருகிறார்களாம்.