கொடியை மறுபடி மாடியில கட்டிட்டேன்

நீ அசந்து தூங்குறே, எழுப்ப மனசு வரலை. இன்னைக்கு உனக்கு லீவுதானே, தூங்கு. நான் காலை டிரிப் முடிச்சு, பஸ்ஸை டிப்போவுல விட்டுட்டு பத்து மணிக்கெல்லாம் வந்துடுவேன்.

டாக்டர் எழுதிக் கொடுத்த வைட்டமின் டி மாத்திரை ஃபிரிட்ஜ் மேல இருக்கு. சாப்பிட்ட பிறகு ஒண்ணே ஒண்ணு. அடுத்தது அடுத்த ஞாயிறுதான். வலி சீக்கிரம் போகட்டும்னு தினம் ஒண்ணு போட்டுடாதே, உன்னைத் தெரியாதா எனக்கு!

ஊரார் எலும்பையெல்லாம் எக்ஸ்ரே எடுக்கிறவ, உன் எலும்பு வலிக்குதுன்னு ஆறு மாசமா சொன்னே. "எல்லாருக்கும் வர்றதுதான்"னு வாயை அடைச்சேன். அதோட விட்டேனா? நீ மாடி ஏற வேணாம்னு பெரிய மனசு பண்ணி, துணி காயப்போடற கொடியை வீட்டுக்குள்ள கட்டினேன். நாள் பூரா ஜன்னல் இல்லாத ரூம்ல வேலை பார்க்கிறவளுக்கு இருந்த கொஞ்ச வெயிலும் அதோட போச்சு. "வெயில்ல நிக்கிறதுண்டா?"ன்னு டாக்டர் கேட்டப்போ என்னை ஒரு பார்வை பார்த்தே பாரு, அது இன்னும் சுடுது.

கொடி மாடிக்கே போயாச்சு. நாற்காலியும் போட்டிருக்கேன். துவைச்ச துணியைத் தொடாதே, நான் வந்து காயப்போடறேன். நீ சும்மா வெயில்ல உட்காரு.

மாடிக் கதவு சாவி செருப்பு ஸ்டாண்டு மேல. கைப்பிடியைப் பிடிச்சு மெதுவா ஏறு.

இன்னொண்ணு. ரெண்டு நாளா நீ என்கூடப் பேசலை. திட்டணும்னா மாடியில வச்சே திட்டு. அரை மணி நேரத்துக்குக் குறையாம திட்டு.